உலோகப் பொடியில் ஹைட்ரஜனை அடைக்கலாம் என்றால் கார்களில் ஏன் இன்னும் சிலிண்டர்?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். சில உலோகப் பொடிகள் அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனை உள்ளே இழுத்து, திரவ ஹைட்ரஜனைவிட நெருக்கமாக அடைத்து வைக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார், அது உண்மையா? உண்மையென்றால் ஹைட்ரஜன் கார்கள் ஏன் இன்னும் 700 பார் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கு) சிலிண்டரைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன, யாராவது தடுக்கிறார்களா? வீட்டு மாடி சோலாரில் மிஞ்சும் கரண்டை இந்த வழியில் சேமிக்க முடியுமா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றுதான். இவ்வளவு நன்றாக வேலை செய்யும் பொருள் ஐம்பது வருடத்துக்கும் மேலாக இருந்தும் ஏன் தெருவுக்கு வரவில்லை, எங்கே இடிக்கிறது?

நான் உலோகவியல் படித்து, உலோக ஹைட்ரைடுகளில், அதாவது ஹைட்ரஜனை உள்ளே ஏற்றுக்கொண்ட உலோகங்களில், ஆய்வு செய்து, பிறகு அவற்றுக்கான கலன்களை வடிவமைக்கும் வேலையிலும் சில காலம் இருந்தவன். அதனால் உலோகங்களைப் பற்றிக் கையாண்ட அனுபவத்தோடு சொல்கிறேன். நுண்துளைப் பொருட்களைப் பற்றி வரும் இடத்தில் நான் வாசகன் மட்டுமே. அங்கே அந்த அளவுக்கே என்னை நம்புங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், உண்மை. எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜன் அபாரமான எரிபொருள். ஒரு கிலோவில் சுமார் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலில் 12 யூனிட் வாக்கில்தான். ஆனால் அந்த ஒரு கிலோ, சாதாரண அழுத்தத்தில் 11,000 லிட்டர் இடம் பிடிக்கும். 700 பாருக்கு அழுத்தினால் ஒரு லிட்டரில் 40 கிராம் கொள்ளும். மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் லிட்டருக்கு 71 கிராம் வரும், ஆனால் அந்தக் குளிர்விப்புக்கே ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான மின்சாரம் போய்விடும். இப்போது ஒரு லாந்தனத்துக்கு ஐந்து நிக்கல் என்ற கணக்கில் உருக்கிய கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் நிரம்பிய அதன் படிகத்தில் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்கு ஹைட்ரஜன் இருக்கிறது. மக்னீசியம் ஹைட்ரைடில் 110. காணொளி இதில் பொய் சொல்லவில்லை.

இது எப்படி முடிகிறது? வாயுவில் ஹைட்ரஜன் இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாகத் திரிகிறது. மூலக்கூறுகளை எவ்வளவு நெருக்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் ஒன்றையொன்று தள்ளும். சில உலோகங்களின் மேற்பரப்பில் படும்போது அந்த மூலக்கூறு உடைந்து தனித்தனி அணுக்களாகிறது. உடைந்த அணு மிகச் சிறியது. உலோக அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை முதலில் கவனித்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். பல்லேடியம் தன் கனஅளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதை 1866-இல் அவர் கண்டார். பல்லேடியம் விலைக்குக் கட்டுப்படியாகாது என்பதால் நூறு வருடம் அது ஆய்வகத்து வேடிக்கையாகவே இருந்தது. 1960-களின் கடைசியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்தங்களுக்காக அருமண் கலவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், அவை ஹைட்ரஜனை உள்ளே இழுப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் வந்து சேர்ந்ததுதான் மேலே சொன்ன லாந்தனம்-நிக்கல் கலவை. 1974-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரைலியும் விஸ்வாலும் டைட்டானியம்-இரும்புக் கலவை பற்றி எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அறை வெப்பநிலை வேலைக்கு நாங்கள் கையில் எடுக்கும் கலவைகள் பெரும்பாலும் இந்த இரண்டின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

அடுத்து, வேண்டும்போது வெளியே எடுப்பது. ஒவ்வொரு ஹைட்ரைடுக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு சமநிலை அழுத்தம் உண்டு. வெளியே அழுத்தம் அதைவிட அதிகமென்றால் ஹைட்ரஜன் உள்ளே போகும். குறைவென்றால் வெளியே வரும். லாந்தனம்-நிக்கலுக்கு 25 டிகிரியில் இந்த அழுத்தம் 2 பார் அளவில் இருக்கிறது. 40 டிகிரியில் 3 பாரைத் தாண்டும். 80 டிகிரிக்குச் சூடாக்கினால் 12 பார் வரை போகும். ஆக வால்வைத் திறந்தால் தானாக வரும், கொஞ்சம் சூடு காட்டினால் வேகமாக வரும். கேட்க மிக எளிமையாக இருக்கிறதல்லவா? ஆய்வகத்தில் ஐம்பது கிராம் பொடியோடு செய்து பார்த்தால் உண்மையிலேயே எளிமைதான்.

இடிக்கும் இடம் இங்கேதான் தொடங்குகிறது. ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. வெளியே வரும்போது அதே அளவு வெப்பத்தை நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இது வடிவமைப்பின் குறை கிடையாது. ஹைட்ரஜன் உள்ளே தங்குவதற்கே அந்தப் பிணைப்பு ஆற்றல்தான் காரணம். லாந்தனம்-நிக்கலில் ஒரு மோல், அதாவது சுமார் 2 கிராம், ஹைட்ரஜனுக்கு சுமார் 31 கிலோஜூல், மக்னீசியத்தில் 75. சுதந்திரமாகத் திரிந்த வாயு ஒழுங்குபட்டு அடைபடும்போது ஏற்படும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) இழப்பு எல்லா ஹைட்ரைடுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் அதில் பெரும்பங்கு வாயுவின் என்ட்ரோபியே. அதனால் எந்த வெப்பநிலையில் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு வெப்ப எண்ணே முடிவு செய்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் வேலை செய்ய வேண்டுமென்றால் மோலுக்கு 30 முதல் 40 கிலோஜூலுக்குள் இருக்க வேண்டும். இந்தப் பத்தியில் சொன்னவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. எந்தப் புதுப் பொருள் வந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதைக் காரில் போட்டுப் பார்ப்போம். நல்ல தூரம் ஓட ஒரு காருக்கு 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 2,500 மோல். லாந்தனம்-நிக்கலில் நிரப்பினால் வெளிவரும் வெப்பம் 77 மெகாஜூல். பெட்ரோல் பங்கில் நிற்பதுபோல ஐந்து நிமிடத்தில் நிரப்ப வேண்டுமென்றால், அந்த ஐந்து நிமிடமும் 250 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை டாங்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி எடுக்கும் வெப்பம் ஐந்து கிலோவாட் சொச்சம். அப்படி ஐம்பது ஏசி ஒரே டாங்கைக் குளிர்விக்க வேண்டும். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? பொடி சூடாகும், சமநிலை அழுத்தம் ஏறும், உள்ளே போவது நின்றுவிடும். வெடிக்காது, சும்மா நின்றுவிடும். பங்கில் குளிர்நீர்க் குழாயையும் சேர்த்து இணைத்து நிரப்பலாம் என்று யோசனைகள் உண்டு. பத்து நிமிடத்துக்குள் நிரப்பிக் காட்டிய சோதனைக் கலன்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு காரிலும் அதற்கான குழாய்களும் தகடுகளும் எடையாக ஏறும்.

எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காருக்கு அதுதான் மரண அடி. லாந்தனம்-நிக்கல் தன் எடையில் 1.4 சதவீதம்தான் ஹைட்ரஜனைத் தாங்கும். டைட்டானியம்-இரும்பு 1.9 சதவீதம். 5 கிலோ ஹைட்ரஜனுக்கு 350 கிலோவுக்கு மேல் பொடி. கலன், குழாய் எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். டொயோட்டா மிராயின் இரண்டாம் தலைமுறைக் காரில் இருக்கும் மூன்று கார்பன் நார் டாங்குகளும் 700 பாரில் 5.6 கிலோ ஹைட்ரஜனைக் கொள்கின்றன. அங்கே டாங்கின் எடையோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் ஆறு சதவீதம் அளவு. அமெரிக்க எரிசக்தித் துறை இலகு வாகனங்களுக்கு 2025-க்கு வைத்த இலக்கு, மொத்த அமைப்பின் எடையில் 5.5 சதவீதம். அறை வெப்பநிலையில் வேலை செய்யும் எந்த உலோக ஹைட்ரைடும் அந்தப் பக்கம்கூடப் போகவில்லை. ஆக யாரும் தடுக்கவில்லை. 1980-களில் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் மேற்கு பெர்லினில் ஹைட்ரைடு டாங்க் வைத்த வண்டிகளை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்தது. நம் நாட்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ.என். ஸ்ரீவஸ்தவாவின் குழு ஹைட்ரைடில் ஓடும் மோட்டார் சைக்கிளையும் மூன்று சக்கர வண்டியையும் உருவாக்கி ஓட்டிக் காட்டியது. ஓடின. ஆனால் வாங்குபவர் தேடும் தூரத்தையும் எடையையும் ஒன்றாகக் கொடுக்க முடியவில்லை.

மக்னீசியம் இருக்கிறதே, அது 7.6 சதவீதம் தாங்குமே என்று கேட்பீர்கள். கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. மக்னீசியம் மலிவு, எங்கும் கிடைக்கிறது, நச்சில்லை. 66 கிலோ பொடியில் 5 கிலோ ஹைட்ரஜன் அடங்கிவிடும். ஆனால் மோலுக்கு 75 கிலோஜூல் என்பதால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கவே 280 டிகிரி வேண்டும்; நடைமுறையில் 300-க்கு மேல் வைக்கிறார்கள். கார்களில் இருக்கும் பாலிமர் சவ்வு ஃப்யூயல் செல் (ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கருவி) வெளியே தள்ளும் வெப்பம் 60 முதல் 80 டிகிரிக்குள். லாந்தனம்-நிக்கலுக்கு அந்தக் கழிவு வெப்பமே தாராளம். சொல்லப்போனால் அதுவே ரேடியேட்டரின் வேலையையும் கொஞ்சம் குறைத்துவிடும். மக்னீசியத்துக்கு அது உதவாது. வேறு வழியில்லாமல் ஹைட்ரஜனையே எரித்துச் சூடாக்கினால், எடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். 700 டிகிரியில் இயங்கும் திட ஆக்சைடு ஃப்யூயல் செல்லோடு மக்னீசியத்தைச் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும். அது அசையாமல் நிற்கும் நிலையங்களுக்குப் பொருந்தும் யோசனை, கார்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் செய்திகள் அடிக்கடி குழப்பும் ஒரு விஷயம் உண்டு. "புதிய வினையூக்கி கண்டுபிடிப்பு, மக்னீசியம் இனி குறைந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் தரும்" என்று வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்தி வரும். வினையூக்கி வேகத்தை மாற்றும். சாதாரண மக்னீசியம் மணிக்கணக்கில் இழுப்பதை, பந்து ஆலையில் நுண்ணியதாக அரைத்து நயோபியம் ஆக்சைடு கொஞ்சம் சேர்த்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் இழுக்கும். இது பலரால் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்ட அருமையான முன்னேற்றம். ஆனால் சமநிலை அழுத்தத்தை எந்த வினையூக்கியாலும் மாற்ற முடியாது. 150 டிகிரியில் மக்னீசியம் ஹைட்ரைடு "விட்டது" என்று ஒரு செய்தி சொன்னால், வெற்றிடத்தை நோக்கியோ, வேறு வாயுவை ஓடவிட்டோ எடுத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் ஃப்யூயல் செல்லை ஓட்ட முடியாது. சில நானோமீட்டர் அளவுக்குத் துகளைக் குறுக்கினால் பிணைப்பு ஆற்றலே குறையும் என்ற வாதம் ஒன்று இருக்கிறது. கோட்பாட்டில் சரி. ஆனால் அவ்வளவு சிறிய துகள்களை ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்க ஒரு தாங்கி வேண்டும், அந்தத் தாங்கியின் எடை, கிடைத்த லாபத்தைத் தின்றுவிடுகிறது. இதில் எங்கள் துறைக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது.

அலுமினியம், போரான் அடிப்படையிலான கூட்டு ஹைட்ரைடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997-இல் ஜெர்மனியின் முல்ஹைமில் பொக்தனோவிச்சும் ஷ்விக்கார்டியும் சோடியமும் அலுமினியமும் ஹைட்ரஜனோடு சேர்ந்த சோடியம் அலனேட்டில் டைட்டானியம் சேர்த்தால் அது மீண்டும் நிரப்பக்கூடிய பொருளாகிவிடும் என்று காட்டினார்கள். அதுவரை ஒருமுறை விட்டால் திரும்ப ஏறாது என்று ஒதுக்கப்பட்ட பொருள் அது. காகிதத்தில் 5.6 சதவீதம், கையில் 4 சதவீதம் வாக்கில். ஆனால் முழுதாக எடுக்க நூறு டிகிரிக்கு மேல் வேண்டும், நிரப்ப ஏறக்குறைய நூறு பார் வேண்டும். லித்தியம் போரோஹைட்ரைடில் 18.5 சதவீதம் ஹைட்ரஜன் இருக்கிறது. எடுக்க 400 டிகிரி, திரும்ப ஏற்ற அதைவிடக் கொடுமை. சோடியம் போரோஹைட்ரைடு வேறு வகை. தண்ணீரும் வினையூக்கியும் பட்டால் குளிர்ந்த நிலையிலேயே சுத்தமான ஹைட்ரஜனைக் கொட்டும். 2001-இல் கிரைஸ்லர் இதை வைத்து நேட்ரியம் என்ற மாதிரி வேனைக் காட்டியது. ஆனால் மிஞ்சும் போரேட்டை வண்டியிலேயே திரும்பப் போரோஹைட்ரைடாக்க முடியாது. ஆலைக்குக் கொண்டுபோய் நிறைய ஆற்றல் செலவழித்துச் செய்ய வேண்டும். 2007-இல் அமெரிக்க எரிசக்தித் துறை வாகனங்களுக்கு இது வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த முடிவு சரி என்பதே என் கருத்து. இத்தகைய பொருட்களைச் சேமிப்பு என்பதைவிட ஒருமுறை எரிக்கும் எரிபொருள் என்று பார்த்தால், ட்ரோன் போன்ற சிறிய தேவைகளுக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

நுண்துளைப் பொருட்கள் என்றால் இப்போது எல்லோரும் கேட்பது உலோக-கரிமச் சட்டகங்கள், அதாவது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த துளை நிறைந்த படிகங்கள். 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் இவற்றுக்காகக் கிடைத்தது. ஒரு கிராமுக்குள் பல ஆயிரம் சதுர மீட்டர் உள்பரப்பு. இங்கே ஹைட்ரஜன் உடைவதில்லை. மூலக்கூறாகவே துளைச் சுவரில் லேசாக ஒட்டிக்கொள்கிறது. பிணைப்பு மோலுக்கு ஐந்து கிலோஜூல் சுற்றளவு என்பதால் நிரப்பும்போது பெரிய வெப்பம் இல்லை, எடுப்பதும் நொடியில் நடக்கும். ஆனால் அதே காரணத்தால் அறை வெப்பநிலையில் பெரிதாகத் தங்காது. திரவ நைட்ரஜன் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரியில்தான் நல்ல அளவு ஏறும். உலோகத்தில் பிடி அதிகம், இங்கே பிடி குறைவு. இரண்டுக்கும் நடுவில், 15 முதல் 25 கிலோஜூல் பிணைப்போடு, இடமும் நிறைய உள்ள ஒரு பொருளைத் தேடுகிறார்கள்.

கார்பன் நானோஇழைகளின் கதையை இங்கே நினைவுபடுத்தியே ஆக வேண்டும். 1998-இல் கிராஃபைட் நானோஇழைகள் தம் எடையைவிடக்கூட அதிகமாக, மொத்தத்தில் 67 சதவீதம் வரை ஹைட்ரஜனைத் தாங்கும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதன் பின்னால் ஓடின. யாராலும் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. இது ஏன் நடக்கிறது என்று அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிராமுக்கும் குறைவான மாதிரியை வைத்து, அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, அதிலிருந்து உறிஞ்சிய அளவைக் கணக்கிடுகிறோம். இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத கசிவு, அறையின் ஏசி அணைந்து ஏறிய இரண்டு டிகிரி, மாதிரியின் அடர்த்தியில் ஒரு சின்னப் பிழை, வாயுவில் கொஞ்சம் ஈரம் என எது நடந்தாலும் அது ஹைட்ரஜன் உறிஞ்சியதுபோலவே தெரியும். அழுத்தம் கூடக்கூடப் பிழையும் பெருகும். அதனால் வியப்பான எண்ணைப் பார்த்தால் நான் முதலில் மாதிரியின் எடையைத்தான் தேடுவேன். அப்புறம் எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை முறை நிரப்பி எடுத்தார்கள், அந்தச் சதவீதம் வெறும் பொடிக்கா கலனோடு சேர்த்தா என்பதைப் பார்ப்பேன். கலனோடு சேர்க்கும்போது பொடியின் எண் பெரும்பாலும் பாதியாகிவிடும். செய்தியில் இந்த விவரம் எதுவும் இல்லையென்றால் அடுத்த செய்திக்குப் போய்விடலாம்.

கலனைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை, வேலையில் இறங்கியவர்களுக்கு அதுதான் தலைவலி. ஹைட்ரஜன் ஏறும்போது லாந்தனம்-நிக்கல் கனஅளவில் கால் பங்கு வீங்குகிறது. கட்டியாகப் போட்டாலும் சில சுற்றுகளிலேயே தானாக நொறுங்கி மைக்ரான் அளவுப் பொடியாகிவிடும். அந்தப் பொடி கீழே இறங்கிப் படியும். அடுத்த முறை வீங்கும்போது அடிப்பாகத்தில் இடமில்லாமல் எஃகுச் சுவரையே தள்ளும். நின்ற நிலையில் வைத்த உருளைகள் அடியில் உப்பிப்போவது இதனால்தான். படுக்கவைப்பது, உள்ளே தடுப்புகள் போடுவது, பாதிக்கு மேல் நிரப்பாமல் விடுவது என்று பல வழிகள் இருக்கின்றன. அடுத்த தொல்லை வெப்பக் கடத்தல். கட்டி உலோகம் நன்றாகக் கடத்தும். பொடியானதும் அது கிட்டத்தட்ட வெப்பக் காப்புப் பொருளாக மாறிவிடுகிறது. அதனால் அலுமினியத் தகடுகளோ விரிந்த கிராஃபைட்டோ சேர்த்து அழுத்தி வில்லைகளாக்குகிறோம். நான் பார்த்தவரையில் ஒரு ஹைட்ரைடு டாங்க் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதைப் பொடியின் வேதியியல் தீர்மானிப்பது அரிது. அந்தப் பொடியிலிருந்து சுவர் வரை வெப்பம் போகும் பாதைதான் தீர்மானிக்கிறது. டைட்டானியம்-இரும்புக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. முதல் முறை ஹைட்ரஜனை ஏற்க வைக்கவே நானூறு டிகிரி சூடு, உயர் அழுத்தம் என்று பல சுற்று கெஞ்ச வேண்டும். கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் இறங்கி வரும்.

பாதுகாப்பில் ஹைட்ரைடு உண்மையிலேயே நல்ல பிள்ளை, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. டாங்கில் ஓட்டை விழுந்தால் மேலே நின்ற வாயு போகும்; பிறகு உள்ளிருந்து வருவதற்கு வெப்பம் வேண்டும் என்பதால் பொடி குளிர்ந்து, கசிவு தானாக மட்டுப்படும். ஆனால் பொடியே வெளியே கொட்டினால் கதை வேறு. சில சுற்றுகள் கண்ட புதுப்பொடி காற்றுப் பட்டதும் கனன்று சிவக்கும். அலனேட்டுகள் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும்.

சரி, அப்படியென்றால் இது எங்கேயும் பயன்படவில்லையா? நிறைய இடங்களில் பயன்படுகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. உங்கள் வீட்டில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பென்சில் பேட்டரி இருந்தால், அதன் எதிர்மின்முனையில் இருப்பது லாந்தனம்-நிக்கல் குடும்பத்துக் கலவைதான். சார்ஜ் ஏறும்போது தண்ணீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அந்த உலோகத்துக்குள் போகிறது. 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் பல வருடம் ஓடியது இந்த பேட்டரியில்தான். ஆக ஹைட்ரைடு கார் ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டது, எதிர்பார்த்த வடிவத்தில் வரவில்லை. 2009-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய பிளாங்க் செயற்கைக்கோளில், லாந்தனம்-நிக்கல்-வெள்ளீயக் கலவையைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஹைட்ரஜனை அழுத்தி, சுமார் 20 கெல்வின் (மைனஸ் 253 டிகிரி) குளிரை உண்டாக்கினார்கள். அந்தக் கம்ப்ரசருக்குள் பிஸ்டன் இல்லை, அதிர்வில்லை. ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிகள் ஃப்யூயல் செல்லுக்கான ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடு உருளைகளில்தான் சுமக்கின்றன. நீர்மூழ்கிக்கு எப்படியும் அடியில் பாரம் வேண்டும், அதனால் காருக்குச் சாபமாக இருந்த எடை அங்கே ஒரு பொருட்டே இல்லை. பின்பக்கம் எதிர்ப்பாரம் தேவைப்படும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும் இதே காரணத்துக்காக முயன்றிருக்கிறார்கள். அணு ஆய்வகங்களில் டிரிட்டியத்தை (கதிரியக்கமுள்ள கன ஹைட்ரஜனை) யுரேனியப் படுகையில் ஹைட்ரைடாகப் பூட்டி வைப்பது பழைய நடைமுறை. ஐஐடி மெட்ராஸில் உலோக ஹைட்ரைடை வைத்துக் குளிர்விப்பு, வெப்ப ஏற்றி ஆகியவற்றில் நீண்ட காலமாக ஆய்வு நடந்திருக்கிறது. சேமிப்புக்குத் தொல்லையாக இருக்கும் அந்த வெப்பத்தையே அங்கே வேலை வாங்குகிறார்கள்.

கடைசியாக மாடி சோலார். எடை ஒரு பொருட்டில்லாத இடம் என்பதால் கொள்கையளவில் ஹைட்ரைடுக்கு ஏற்ற இடம்தான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவுக்கு 10 யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்யூயல் செல் பாதித் திறனில் இயங்கினால் 600 கிராம் ஹைட்ரஜன் தேவை. அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க, கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் என்ற கணக்கில், 30 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதாவது மூன்று போட்டு ஒன்று எடுக்கிறீர்கள். லித்தியம் பேட்டரியில் பத்துப் போட்டால் எட்டரை, ஒன்பது திரும்பி வரும். இது தவிர 45 முதல் 50 கிலோ கலவை வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிக்கல். தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரிலிருந்து வரும் ஹைட்ரஜனில் இருக்கும் ஈரமும் ஆக்சிஜனும் கலவையைக் கெடுக்கும் என்பதால் உலர்த்திச் சுத்திகரிக்கும் அமைப்பு ஒன்று நடுவில் வேண்டும். நம் ஊர் வெயிலில் பகலில் நிரப்பும்போது வெளிவரும் வெப்பத்தை 40 டிகிரிக் காற்றில் கொட்ட வேண்டும், அதற்கேற்ப நிரப்பும் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அது முடியாத காரியமில்லை, 10 பாருக்குள் அடங்கும்.

அதனால் தினமும் பகலில் சேர்த்து இரவில் செலவழிக்கும் வீட்டுக்கு பேட்டரியே வாங்குங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டிய இடம் வேறு. கோடையில் மிஞ்சுவதைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கும் ஐரோப்பியக் கட்டடம், கேபிள் எட்டாத தீவு, டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட நினைக்கும் தொலைத்தொடர்பு கோபுரம் போன்ற இடங்களில் ஹைட்ரைடுக்கு வாய்ப்பிருக்கிறது. அங்கே சேமிக்கும் அளவு கூடக்கூட பேட்டரியின் விலையும் அதே விகிதத்தில் ஏறும். ஹைட்ரைடில் கலவையும் கலனும் மட்டும்தான் பெருகும், எலக்ட்ரோலைசரும் ஃப்யூயல் செல்லும் அப்படியே இருக்கும். அங்கேயும் அது வெறும் இரும்பு சிலிண்டரில் 30 பாரில் அடைத்து வைப்பதோடு போட்டி போட வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் சிலிண்டர் ஜெயிக்கும். நகரத்து நடுவில் இடமும் பாதுகாப்பும் இறுக்கிப் பிடிக்கும்போது ஹைட்ரைடு ஜெயிக்கலாம். 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் பெரும்பகுதி உற்பத்தியைப் பற்றியது. உரம், சுத்திகரிப்பு, எஃகு ஆலைகளில் ஹைட்ரஜனை உண்டாக்கிய இடத்திலேயே பயன்படுத்துவார்கள் என்பதால் அங்கே திடச் சேமிப்புக்குப் பெரிய வேலை இல்லை.

ஆர்வத்துக்காகச் செய்து பார்க்க வேண்டுமென்றால், பள்ளி, கல்லூரிகளுக்காக விற்கும் சின்ன ஹைட்ரைடு உருளைகள் உண்டு. சில லிட்டர் வாயுவைக் கொள்ளும், ஒரு குட்டி ஃப்யூயல் செல்லையும் மின்விசிறியையும் ஓட்டலாம். நிரப்பும்போது தண்ணீரில் வைத்து நிரப்புங்கள், இல்லாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கலவைப் பொடியைத் தனியாக வாங்கி வீட்டில் டாங்க் செய்யும் வேலை மட்டும் வேண்டாம். அழுத்தக் கலனைச் சோதிக்கும் வசதி இல்லாத இடத்தில் நானும் அதைச் செய்ய மாட்டேன்.